ஷி வராத நாக்கு

முதல் பாமாலை தொடங்கிவிட்டது, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன், வாய் பழக்கத்தில் தானாகப் பாடுகிறது, நாக்கு மட்டும் யாரோ என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி உள்ளே கிடக்கிறது. இன்னும் இருபது நிமிசம். பாட்டில் ஐந்து சரணம், அதற்குப் பிறகு பாவ அறிக்கை, பிறகு சங்கீதம், அது முடிந்ததும் ஆல்வின் ஐயர் என் பக்கம் பார்த்துத் தலையை லேசாக அசைப்பார், நான் போய் அந்த மரப்பலகைக்கு முன்னால், மைக்குக்கு முன்னால், இருநூறு பேருக்கு முன்னால் நின்று வேதத்திலிருந்து முதலாம் பாடம் வாசிக்க வேண்டும். ஏசுவடியான் என்கிற நான், ஐம்பத்து மூன்று வயது, சுரண்டையில் சந்தைக்குப் போகிற ரோட்டில் எடைமேடை நடத்துகிறவன், ஒரு நாளைக்கு அறுபது லாரியை ஏற்றி இறக்குகிறவன், இந்த நாற்பது கிராம் நாக்கைத் தூக்க முடியாமல் வேர்த்து நிற்கிறேன். நாக்கு நாற்பது கிராம்தான் இருக்குமா. கூடவே இருக்கும். ஆட்டு நாக்கு எவ்வளவு இருக்கும். இப்போது எதற்கு ஆட்டு நாக்கு. இரண்டாவது சரணம். எனக்கு முன்னால் நிற்கிறவருடைய சட்டைக் காலரில் சலவைக்காரர் போட்ட குறி தெரிகிறது, சின்னதாக ஒரு பெருக்கல் அடையாளம். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தப்பென்று போட்ட அடையாளம் மாதிரி இருக்கிறது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கு அந்த எழுத்து வராது, அவ்வளவுதான் விசயம். ஜலத்துக்கு ஜ வரும், ஸ்தோத்திரத்துக்கு ஸ வரும், ஹாலேலூயா தங்குதடையில்லாமல் வரும், அந்த ஒன்று மட்டும் வராது. வருசம் என்பேன், மனுசன் என்பேன், சந்தோசம் என்பேன், எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், யாருக்கும் எந்த நட்டமும் வந்ததில்லை. அந்த எழுத்து இல்லாமலேயே ஐம்பத்து மூன்று வருசம் ஓடிவிட்டது, இன்னும் இருக்கிற வருசத்தையும் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை வெங்காய லாரி ஒன்று மேடையில் நிற்கும்போது ஆல்வின் ஐயர் சைக்கிளில் வந்து இறங்கினார். சின்ன வயது, முப்பத்திரண்டுதான், எங்கள் சபைக்குப் போதகராக வந்து எட்டு மாதம் ஆகிறது. "அண்ணாச்சி, ஜோதிமுத்து சார் மகன் வீட்டுக்கு ஓசூர் போயிட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமை முதல் பாடம் நீங்க வாசிங்க" என்றார். சபைக் கமிட்டியில் இருக்கிறவன் மாட்டேன் என்று சொல்லலாமா. சரிங்கய்யா என்றுவிட்டேன். எந்தப் பாடம் என்று கேட்டிருக்க வேண்டும். நிறுக்காமல் லாரியை வெளியே விடுகிற மாதிரி, கேட்காமல் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து அவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து வேதத்தைத் திறந்தால் நியாயாதிபதிகள் பன்னிரண்டாம் அதிகாரம். முழு வேதத்திலும் ஒரே ஒரு இடத்தில்தான் அந்த எழுத்தைச் சொல்லத் தெரியாதவனை வெட்டிப்போடுகிறார்கள். அந்த இடம் எனக்கு வந்திருக்கிறது.

யுத்தம் நடக்கிறது. யெப்தா என்கிறவன் கீலேயாத்தியருக்குத் தலைவன். அவன் அம்மோனியரை ஜெயித்துவிட்டு வருகிறான், உடனே எப்பிராயீம் கோத்திரத்தார் கிளம்பி வந்து, எங்களை ஏன் கூப்பிடவில்லை, உன்னையும் உன் வீட்டையும் கொளுத்துவோம் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று வருகிற சண்டை மாதிரிதான், வாளும் ஈட்டியும் இருப்பதுதான் வித்தியாசம். போதாததற்குக் கீலேயாத்தியரைப் பார்த்து, நீங்கள் எங்களிடமிருந்து ஓடிப்போன பயல்கள்தானே என்று வேறு சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் தைத்துவிடுகிறது. சண்டையில் எப்பிராயீம் தோற்று ஓடுகிறது. ஓடுகிறவர்கள் ஊர்போய்ச் சேர வேண்டுமானால் யோர்தான் ஆற்றைக் கடக்க வேண்டும், கீலேயாத்தியர் முந்திப்போய் ஆற்றில் இறங்குகிற துறையில் நின்றுகொள்கிறார்கள். வருகிறவனை நிறுத்தி, நீ எப்பிராயீமா என்று கேட்கிறார்கள், அவன் இல்லை என்கிறான், அப்படியானால் இந்த ஒரு சொல்லைச் சொல்லு என்கிறார்கள். முதல் எழுத்து ஷி. அவர்கள் ஊரில் அந்த எழுத்து கிடையாது. அவன் சி என்று சொல்லுவான். அங்கேயே அவன் கதை முடிந்தது. நாற்பத்தீராயிரம் பேர். எங்கள் ஊர் மொத்தத்தையும் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவ்வளவு வருமா தெரியவில்லை, எல்லோரையும் நிறுத்தினால் முதல் வரிசையில் நான்தான் போவேன். அது கூடப் பரவாயில்லை, வெட்டுப்பட்டவன் யாரும் அதைத் திரும்ப ஆலயத்தில் வாசித்துக்காட்ட வேண்டியதில்லை. நான் வாசித்தால் என்ன ஆகும். சிபோலேத் என்று சொல்லு என்றார்கள், அவன் சிபோலேத் என்றான், உடனே வெட்டினார்கள். கேட்கிற ஜனங்களுக்கு என்ன விளங்கும். சரியாகச் சொன்னவனை ஏன் வெட்டினார்கள் என்று கீலேயாத்தியர் மேல் கேஸ் போடுவார்கள்.

பாமாலை முடிகிறது, ஆமென் மட்டும் நீளமாக இழுக்கிறது. உட்காருகிறோம், பெஞ்சு முனகுகிறது. பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில், தூணை ஒட்டி, என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். எழுத்தில் புஷ்பலீலா, என் வாயில் புஸ்பம். இருபத்தாறு வருசமாக அவளை அவளுடைய பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை என்று இந்த வாரம்தான் உறைத்தது. பேர் தெரியாத ஒரு பொம்பளையை அல்லவா நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவளும் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். ஒரு நாள் கூட அது இல்லை என் பேர் என்று சொன்னதில்லை. அவளுக்கு மார்த்தாண்டம். அந்தப் பக்கத்தில் மலையாளக் காற்று பட்ட நாக்கு, ஷ என்ன, அதைவிடக் கடுமையான எழுத்தெல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். செவ்வாய்க்கிழமை அடுப்படியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "எனக்கு அந்த எழுத்தைச் சொல்லித் தாயேன்" என்றேன். என்ன எழுத்து என்று கேட்டாள். வேதத்தைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "பிள்ளை அழுதா எப்படி அமத்துவீங்க" என்று கேட்டாள். "ஷ்ஷ்" என்றேன். "வந்துட்டே" என்றாள். எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. "அதோட இ-யைச் சேத்துச் சொல்லுங்க." சேர்த்தேன். சி என்று வந்தது. ஷ்ஷ், சி. ஷ்ஷ், சி. கோழி விரட்டுகிறவன் மாதிரி அடுப்படிக்குள் நின்று அரை மணி நேரம் ஊதினேன். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், நாக்கை மேலே மடக்கிப் பார்த்தேன், பல்லுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். கடைசியில், "ஷ்ஷ்னு முதல்ல தனியாச் சொல்லிட்டு, கொஞ்சம் விட்டு, சிபோலேத்னு சொல்லட்டுமா" என்று கேட்டேன். "சபையெல்லாம் பேச்சை நிறுத்திட்டு உங்களையே பாக்கும்" என்றாள். அப்போதுதான் சிரித்தாள். நானும் சிரித்தேன். மீன் பூனைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை ஐயர் வீட்டுக்கே போய்விட்டேன். எப்படியாவது தட்டிக்கழித்துவிடலாம் என்று. "ஐயா, வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க, எனக்கு சி வராது" என்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வருதே அண்ணாச்சி, இப்பகூடச் சொன்னீங்களே" என்றார். "அந்த சி இல்லய்யா, இன்னொரு சி" என்றேன். அவருக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிக்கணும் அண்ணாச்சி, மன்னிக்கணும் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நீங்களேதான் வாசிக்கணும். ஒண்ணு செய்யுங்க. இதை எங்கேயோ நடந்த சண்டையா வாசிக்காதீங்க. கீலேயாத்து, எப்பிராயீம் ரெண்டு கூட்டமும் ஒரே ஆளுடைய மனசுக்குள்ள இருக்குன்னு வச்சு வாசிச்சுப் பாருங்க. துறையில நிக்கிறதும் நீங்கதான், ஆத்தைக் கடக்கணும்னு வாறதும் நீங்கதான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எடைமேடைக்காரனுக்கு எதற்கு இதெல்லாம் என்று இருந்தது. எழுந்து வரும்போது வாசலில் நின்று, "அந்தச் சொல்லுக்கு எபிரெயத்துல ரெண்டு அர்த்தம் சொல்லுவாங்க அண்ணாச்சி. ஒண்ணு தானியக் கதிர். இன்னொண்ணு ஓடுற வெள்ளம். ஆத்துத் துறையில நின்னு கேட்டதுனால வெள்ளமாவும் இருக்கலாம்" என்றார். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்த பிறகுதான் அந்தச் சொல் முள் மாதிரி குத்தியது. வெள்ளம்.

இப்போது பாவ அறிக்கை. எல்லோரும் முழங்காலில். செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டதற்காகவும், செய்யத்தகாதவைகளைச் செய்ததற்காகவும், வாய் சொல்லிக்கொண்டே போகிறது. மனசுக்குள்ளே ஒரு ஆறு, அதில் ஒரு துறை, அதில் காவலுக்கு ஒருத்தன். ஐயர் சொன்னதிலிருந்து கண்ணை மூடினால் அவன் வந்து நிற்கிறான். முதலில் அவனுக்குத் தூத்துக்குடிக்காரன் முகம்தான் இருந்தது. எனக்கு இருபத்து நாலு வயது, ஒரு கப்பல் ஏற்றுமதி ஆபீசில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அண்ணனுடைய பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருத்தர். இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார். எனக்கு சிப்பிங்கில் ஆர்வம் என்றேன். எதில் என்றார். சிப்பிங்கில் என்றேன். இன்னொரு தரம் சொல்லு என்றார். சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பக்கத்து அறையிலிருந்து இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து, தம்பி, இவருக்கும் ஒரு தரம் சொல்லு என்றார். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் கூட ஒன்றுமில்லை, சிரிக்கட்டும். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான். என்னை வைத்து அவர்கள் சிரிக்கும்போது நானும் அந்தப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தேன். வேலை கிடைக்கவில்லை. அது நல்லதுதான், எனக்குக் கடல் காற்று ஆகாது, எடைமேடை போட்டேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் மணியாச்சி தாண்டும் வரைக்கும் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த எழுத்து இருக்கிற சொல் எது வந்தாலும் மனசு முந்தி ஓடி அதற்குப் பதிலாக வேறு சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிடும். துறையில் ஒருத்தன் நிற்கிறான், எந்த நினைப்பு வெளியே வர வந்தாலும் நிறுத்துகிறான், முதலில் சொல்லிக்காட்டு என்கிறான், பாதி நினைப்பு அங்கேயே செத்து விழுகிறது. பேசுகிறவனுக்குத்தான் தெரியும் ஒரு நாளைக்கு எத்தனை விழுகிறதென்று.

வெள்ளம். வந்துவிட்டது, இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து முட்டுகிறது. கல்யாணமாகி மூன்று மாதம். எமிலி அக்கா, என் சித்தி மகள், புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினாள். சொந்தக்காரர் எல்லோரும் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறோம், சித்திரை மாத வெயில். புஸ்பம் புதுப்பெண், யாரையும் சரியாகத் தெரியாது, வந்து எமிலி அக்காவிடம், "மதினி, குடிக்க இச்சிரி வெள்ளம் தருவியளா" என்று கேட்டாள். அவளுடைய ஊரில் இச்சிரி என்றால் கொஞ்சம், வெள்ளம் என்றால் தண்ணீர். எமிலி அக்காவுக்குப் புரியவில்லை, முழித்தாள். நான்தான் சத்தமாகச் சொன்னேன், "வெள்ளமா, அதுக்குக் குளம்லா ஒடையணும்." கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு ருசியாக இருந்தது. இருபது பேர் என் பேச்சுக்குச் சிரித்தார்கள், என்னைப் பார்த்து இல்லை. அதனால் விடவில்லை. "இன்னொருக்கச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

அவளும் சிரித்தாள். இதை நான் இருபத்தாறு வருசமாக, அவளும்தான் சிரித்தாள், தமாசுதானே என்றுதான் வைத்திருந்தேன். அதை எங்கே பார்த்தேன் அந்தச் சிரிப்பை என்று இப்போது முழங்காலில் நிற்கும்போது தெரிகிறது. யெப்தாவின் ஆட்களை முதலில் ஓடிப்போன பயல்கள் என்றார்கள், பிறகு அவர்களே போய்த் துறையில் நின்றுகொண்டார்கள். எனக்குத் தூத்துக்குடியில் நடந்ததற்கும் எமிலி அக்கா வீட்டு முன்வாசலுக்கும் நடுவில் மூன்று வருசம். காவலுக்கு நிற்கிறவன் முகத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் கோடு போட்ட சட்டை இல்லை, கல்யாணத்துக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டை போட்டிருக்கிறான். அந்த வெள்ளத்தை நான் எத்தனை வீட்டில் வைத்துச் சொல்லிக்காட்டியிருக்கிறேன். அவள் மாதிரியே இழுத்து, தலையை அவள் மாதிரியே சாய்த்து. அடுத்த வருசத்திலிருந்து அவள் தண்ணி என்று சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது, நல்ல கெட்டிக்காரி என்று நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர் நடுவில் அவளுக்கு மூன்றே வார்த்தைதான். ஆமா. இல்ல. நல்லாருக்கேன். அமைதியான பிள்ளை என்று எமிலி அக்கா எல்லோரிடமும் சொல்லுவாள். வீட்டில் அவளுடைய தங்கச்சி போன் பண்ணும்போது நான் கேட்டிருக்கிறேன், ஒரு மணி நேரம், ஆறு மாதிரி ஓடும் பேச்சு. நான் உள்ளே போனால் குரல் இறங்கிவிடும். அமைதியான பிள்ளையாம்.

எழுந்து உட்காருகிறோம். முழங்கால் சில்லென்று இருக்கிறது. மேலே நீளக் கம்பியில் தொங்குகிற மின்விசிறி ஒன்று ஆடிக்கொண்டே சுற்றுகிறது, ஒரு நாளைக்கு அது விழும் என்று கமிட்டியில் மூன்று தரம் பேசிவிட்டோம், இப்போது விழுந்தால் பாடம் வாசிக்க வேண்டியதில்லை. யாருக்கும் அடிபடாமல் விழ வேண்டும். கூடாது, என்ன நினைப்பு இது. சங்கீதம். ஐயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். எனக்கு வேடிக்கையாக இருக்கிறது, பயம் போன மாதிரி இருக்கிறது, போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முன்னே நெஞ்சில் இருந்தது, இப்போது காதுப்பக்கம் சூடாக இருக்கிறது. முதல் தரம் சொல்லும்போது மெதுவாகவும் இரண்டாம் தரம் சத்தமாகவும் சொல்லலாம் என்று நேற்று ஒரு யோசனை. எழுத்து ஒன்றானாலும் சத்தத்தில் வித்தியாசம் இருக்குமே. இல்லாவிட்டால் மைக்கைச் சரிசெய்கிற மாதிரி அந்த இடத்தில் தட்டிவிடலாம், டொக்கென்று சத்தம் வந்தால் எழுத்து தெரியாது. இருமலாம். ஐம்பத்து மூன்று வயது ஆள் இருமினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எத்தனை குறுக்கு வழி. துறையில் நிற்கிறவனை ஏமாற்றிவிட்டு நீந்திப் போகிற வழி. எப்பிராயீம்காரர்களில் ஒருத்தனாவது இருமிப் பார்த்திருக்க மாட்டானா. பார்த்திருப்பான். நாற்பத்தீராயிரம் பேரில் பத்துப்பேராவது இருமியே தப்பித்திருப்பார்கள், அவர்களைப் பற்றி எழுதவில்லை. சங்கீதம் முடிகிறது, பிதாவுக்கும் குமாரனுக்கும், எல்லோரும் உட்காருகிறார்கள், ஐயர் என்னைப் பார்க்கிறார்.

நடக்கிறேன். பத்து எட்டுதான் இருக்கும். செருப்பில்லாத காலுக்குத் தரை வழவழப்பாக இருக்கிறது. பலகைக்கு முன்னால் நிற்கிறேன், நாடா வைத்த இடத்தைத் திறக்கிறேன், முதலாம் பாடம், நியாயாதிபதிகள் புத்தகம், பன்னிரண்டாம் அதிகாரம், முதலாம் வசனம் முதல். என் குரல் ஆலயத்தின் பின்சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது, பரவாயில்லை, நல்ல குரல்தான். எப்பிராயீம் மனுசர் என்கிறேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுபடியும் மனுசர். மறுபடியும். நாலு தரம் அந்த எழுத்தைத் தின்றுவிட்டேன், ஒருத்தரும் தலையை நிமிர்த்தவில்லை. சண்டை வருகிறது, ஓடிப்போனவர்கள் என்ற ஏச்சு வருகிறது, துறையைப் பிடிக்கிறார்கள். ஐந்தாவது வசனம் முடிந்தது. ஆறாவதில் விரலை வைத்திருக்கிறேன். சொல்லுகிறேன், சிபோலேத் என்று சொல் என்பார்கள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், மறந்துபோய்ச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இப்போது இரண்டாவதை எதை வைத்து வித்தியாசப்படுத்துவது. விரல் அங்கேயே நிற்கிறது. அப்பொழுது அவன் அப்படிச் சொல்லத் தெரியாமல். அதற்கு அடுத்த சொல். பாடகர் குழுவில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்க்கிறது. மேலே விசிறி ஆடிக்கொண்டே சுற்றுகிறது. நான் நிமிர்ந்து பார்க்கிறேன். தூணுக்குப் பக்கத்தில் அவள். என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருக்கிற வேதத்தில் என்னோடு விரல் வைத்துக்கொண்டு வருகிறாள், என் விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவளுடைய விரலும் நிற்கும். உதடு லேசாக அசைகிறது. எனக்காக அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மன்னிக்கணும்" என்கிறேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்கிறது. "இதுல ரெண்டு சொல்லு இருக்கு. ரெண்டும் என் வாயில ஒண்ணுபோலத்தான் வருது. முதல்ல உள்ளது வேற எழுத்து. அது வெளங்கலன்னா அத்தன பேரு எதுக்குச் செத்தாங்கன்னு யாருக்கும் வெளங்காது. எனக்குச் சின்ன வயசுலேருந்தே அது வராது. எங்க வீட்ல நல்லாச் சொல்லுவா." யாரோ லேசாகச் சிரிக்கிறார்கள், அது போய் எங்கேயும் தைக்கவில்லை, மேலே போய் விசிறியில் சுற்றுகிறது. நான் அவளைப் பார்த்து, சொல்லு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எமிலி அக்கா வீட்டு முன்வாசலில் சொன்ன அதே சொல், பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அதை உள்ளே தள்ளிவிட்டு, "புஸ்பம், எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாரியா" என்றேன். அவள் தலையை நிமிர்த்துகிறாள். இருநூறு பேரும் திரும்பி அந்தத் தூணைப் பார்க்கிறார்கள். இப்போது நான் பயப்படுகிறேன், இதுவரைக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் பயம். மறுபடியும் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டேனோ, அவள் தலையைக் குனிந்துகொண்டால் நான் என்ன செய்வேன், இந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன். அவள் வேதத்தைப் பெஞ்சில் வைக்கிறாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

"ஷிபோலேத்" என்கிறாள். மைக் இல்லாமலே பின்சுவர் வரைக்கும் போகிறது. கண்ணாடித் தம்ளரை வைக்கிற மாதிரி அவ்வளவு துல்லியம். என்ன நினைத்தாளோ, உட்காரவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி என்னைப் பார்த்து, "ஷி. நாக்கை இச்சிரி மேல தூக்கணும், பின்ன ஊதணும். எளுப்பம்தான்" என்கிறாள். இழுத்து, தலையைச் சாய்த்து, சுத்தமான மார்த்தாண்டம். சபை சிரிக்கிறது. நான் அந்தச் சிரிப்பை லாரியை நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பார்க்கிறேன். கெட்டது எதுவும் இல்லை அதில். ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தோள் குலுங்குகிறது. முன்வரிசையில் எமிலி அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயைக் குவித்து என்னவோ செய்து பார்க்கிறாள், அவளுக்கும் வரவில்லை போலிருக்கிறது. நான் குனிந்து அந்த வசனத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கிறேன். அவள் சொன்னாளே அதைச் சொல் என்பார்கள், அவனோ சிபோலேத் என்பான். அப்படித்தான் வாசித்தேன், வேதத்தில் இல்லாததைச் சேர்த்துத்தான் வாசித்தேன். பிறகு அவனைப் பிடித்துத் துறையிலேயே வெட்டிப்போடுகிற இடம் வருகிறது, நாற்பத்தீராயிரம் வருகிறது, சிரித்த சபை அப்படியே அடங்கிப்போய்க் கேட்கிறது. ஒரு எழுத்துக்காகத்தான் என்று இப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது. யெப்தா ஆறு வருசம் நியாயம் விசாரித்தான். வருசம் என்றே வாசிக்கிறேன். பாடம் முடிந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பதினோரு மணி வெயில் கண்ணைக் கூசுகிறது. ஐயர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுக்கிறார், எனக்குக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, "அண்ணாச்சி, என் பிரசங்கத்துல பாதியை நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டீங்க" என்கிறார். ஒன்றிரண்டு பேர் என் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஜோதிமுத்து சார் இனிமேல் ஓசூரிலேயே இருக்கட்டும் என்கிறார் ஒருத்தர். புஸ்பத்தைத் தேடுகிறேன். வேப்ப மரத்தடியில் எமிலி அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். எமிலி அக்கா, "ஏளா, எனக்கும் வரலியே, எம் பேத்தி பேரு ஹர்சினி, அதான் பிள்ளை நான் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கவே மாட்டேங்கு" என்கிறாள். பெண்கள் எல்லோரும் உதட்டைக் குவித்து ஊதுகிறார்கள், மரத்திலிருந்து இரண்டு மைனா கலைந்து பறக்கிறது. புஸ்பம் ஒவ்வொருத்தியுடைய தாடையையும் பிடித்து நாக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முடிந்து பேச்சு எங்கேயோ போகிறது, மரச்சீனிக் கிழங்குக்கு வருகிறது, இங்கே கிடைக்கிற கிழங்கு ஏன் வேகமாட்டேன் என்கிறது, அவள் ஊரில் அதை எத்தனை தரம் தண்ணீர் மாற்றி அவிப்பார்கள், அதற்கு எந்த மீன் சேரும், எந்த மீன் சேராது. கை ஆடுகிறது, தலை சாய்கிறது, குரல் இறங்கவே இல்லை. நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பேச்சைத் தொடர்ந்தாள். எனக்குப் பசிக்கிறது. காலையில் பயத்தில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க இரண்டு எட்டு எடுத்து வைத்தேன், அவள் அப்போதுதான் நெத்திலியில் ஆரம்பிக்கிறாள். இது இப்போதைக்கு முடிகிற பேச்சு இல்லை. ஸ்கூட்டர் வெயிலில் நிற்கிறது, சீட்டு கொதிக்கும், அவள் உட்கார முடியாது. நான் போய் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியைக் காம்பவுண்டுச் சுவரோரம் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன்.